இரவை அளக்கும் பிகோனியா: விதையிலிருந்து கிழங்கு வரை

கிழங்கு பிகோனியா என்ற அழகுப் பூச்செடியின் விதை ஒரு கிராமில் 40,000-க்கு மேல் இருக்கும். வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் மூக்குப்பொடி சிந்தியது போலத்தான் தெரியும். விதைப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த அளவால் வருகிறது. நாற்று தேறிய பிறகு வரும் தொல்லைக்கு வேறு காரணம்: இந்தச் செடி இரவின் நீளத்தை அளக்கிறது. உரம், மருந்து, மண் கலவை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அவற்றைவிட இந்த இரண்டையும் புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைதான் இதன் பூர்வீகம். இங்கிலாந்தின் வீச் நாற்றுப் பண்ணைக்காக 1860-களில் பொலிவியாவிலும் பெருவிலும் செடி தேடிய ரிச்சர்ட் பியர்ஸ் அனுப்பிய காட்டு இனங்களே இன்றைய வகைகளுக்கு முக்கிய மூலம். அதே பண்ணையில் வேலை பார்த்த ஜான் செடன் அவற்றைக் கலப்புச் செய்து உருவாக்கிய முதல் கலப்பினம் ‘செடெனி’ 1870-இல் விற்பனைக்கு வந்தது. தட்டுப் போல் விரியும் அடுக்குப் பூக்கள் அதற்குப் பின் வந்த கலப்புகளின் பலன். அந்த மலைச்சரிவுகளில் மழையும் நீண்ட பகலும் சேர்ந்து வரும். வறட்சியும் குறுகிய பகலும் சேர்ந்து வரும். பகல் குறையத் தொடங்கினால் அடுத்தது வறட்சி என்று செடிக்குத் தெரியும். உடனே இலைக்குச் செலவிடுவதை நிறுத்திவிட்டுக் கிழங்கில் சேமிக்கத் தொடங்கிவிடும்.

பகலில் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ், இரவில் 12 முதல் 16 டிகிரி, காற்றில் ஈரம், நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம். இதுதான் இதற்குப் பிடித்த சூழல். தமிழ்நாட்டில் உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற இடங்களில் இது கிடைக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் மொட்டு உதிரும், தண்டு அழுகும். சென்னையிலோ மதுரையிலோ மொட்டை மாடியில் முயல்வது வீண் செலவு. சமவெளிக்கு மெழுகு பிகோனியா இருக்கிறது.

விதைக்கு வருவோம். நெல், அவரை போன்றவற்றின் விதைக்குள் முளைக்குத் தேவையான உணவு கட்டிவைக்கப்பட்டிருக்கும். பிகோனியா விதைக்குள் மெல்லிய உறையும் கருவும்தான். முளைக்கு உணவாகும் முளைசூழ்தசை பெயரளவுக்கே உண்டு. விதையின் ஒரு முனையில் நீண்ட செல்கள் வளையமாக நிற்கும். ஈரம் ஏறியதும் அந்த வளையம் பிளந்து, முனையிலுள்ள சிறு மூடி கழன்று விழ, வேர் வெளியே வரும். கையில் சேமிப்பு இல்லாத இந்தக் குஞ்சு முளை, விரிந்த அன்றே வெளிச்சத்தில் தன் உணவைத் தயாரித்தாக வேண்டும். அதனால்தான் இதன் விதை ஒளி பட்டால்தான் முளைக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் மண் தூவி மூடினாலும் முளைப்பு போய்விடும். கடையில் வாங்கிய விதை முளைக்கவில்லை என்று குறை சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் விதை மண்ணுக்கடியில் கிடக்கிறது, இல்லையென்றால் ஒரு மதியம் காய்ந்துபோயிருக்கிறது.

விதைப்புக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழமுள்ள, அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். தென்னை நார்த் தூளும், பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளை எரிமலைப் பாறைப் பொரியும் சம அளவு கலந்து நிரப்ப வேண்டும். நார்த் தூளில் உப்பு இருக்கும். கட்டியாக விற்பதை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் முளையின் வேர் நுனி கருகும். கலவையின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6 வரை இருப்பது நல்லது. கலவையை ஈரமாக்கி, ஆவியில் வைத்து உட்பகுதி 80 டிகிரியை எட்டியபின் அரை மணி நேரம் வைத்து இறக்கினால் பூஞ்சை, பாசி, களை விதை எல்லாம் அடங்கிவிடும். மேல் அரை சென்டிமீட்டருக்கு மட்டும் அதே கலவையை இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் போட்டு, அட்டையால் லேசாகத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் விதை பள்ளத்தில் குவியும்.

கொதித்து ஆறிய நீரிலோ மழைநீரிலோ டப்பாவின் அடியை நனைத்து வைத்து, மேல்பரப்பு கறுக்கும்வரை காத்திருந்து எடுத்து வடியவிட வேண்டும். விதைப்பது அதற்குப் பிறகுதான். விதைத்துவிட்டு மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை முழுவதும் ஓரத்துக்கு ஓடிவிடும். வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, மடிப்பில் விதையை இட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து தாளின் விளிம்பை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே டப்பாவின் குறுக்கே போக வேண்டும். பொடிமணலோடு கலந்து தூவும் வழக்கமும் உண்டு. ஆனால் மணல் எங்கே விழுந்தது என்பதுதான் தெரியுமே தவிர விதை எங்கே விழுந்தது என்று தெரியாது. களிமண் பூச்சுக் குளிகையாக விற்கும் விதையானால் ஒவ்வொன்றாக வைக்கலாம். வைத்ததும் தெளிப்பானால் குளிகை கரைந்து உடையும்வரை நனைக்க வேண்டும். பாதி நனைந்து மீண்டும் காய்ந்த குளிகை ஓடு போல் இறுகி, உள்ளே இருக்கும் முளையைக் கொன்றுவிடும்.

மேலே கண்ணாடியோ ஒளி ஊடுருவும் மூடியோ போட்டு, 21 முதல் 24 டிகிரி வெப்பத்தில், எல்.இ.டி. குழல் விளக்குக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே வைக்க வேண்டும். விளக்கு தினமும் 16 மணி நேரம் எரிய வேண்டும். நேர் வெயிலில் மூடிய டப்பா சமையல் பாத்திரமாகிவிடும். ஜன்னலோரம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. உதகையில் குளிர்கால இரவு 10 டிகிரிக்கும் கீழே போகும் என்பதால் அடியில் சூடேற்றும் விரிப்பு தேவைப்படும். இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு விதையிலை. இரண்டும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டர் அகலம்தான்.

அடுத்த ஒரு மாதம் எதுவுமே நடக்காதது போல் இருக்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து உரம் ஊற்றிக் கெடுக்கிறார்கள். முதல் உண்மையான இலை விரியும்வரை வெறும் நீர் போதும். அதன்பின் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்குக் கால் கிராம் கரைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை அடிவழியாக ஊற்றலாம். கூடினால் மண்ணின் மேல் பாசி படரும். பாசிப் படலம் நாற்றைவிட வேகமாக வளர்ந்து அதை மூடிவிடும்.

நாற்றழுகலின் அடையாளம், காலையில் நின்ற நாற்று மாலையில் மண் மட்டத்தில் கண்ணாடி போலாகிச் சாய்ந்து கிடப்பது. ரைசாக்டோனியா போன்ற பூஞ்சைகளும், பூஞ்சையை ஒத்த பித்தியம் போன்ற நுண்ணுயிர்களும் செய்யும் வேலை. ஒரு மூலையில் கண்டால் அந்த இடத்தை மண்ணோடு கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு மூடியைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். மூடியின் உள்பக்கம் நீர் திரண்டு சொட்டுவதே ஆபத்தின் முதல் அறிகுறி. ஆனால் ஒரேயடியாக மூடியை எடுத்தாலும் மொத்தமும் காய்ந்துவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழுமையாகத் திறக்கலாம். ஈர மண்ணில் சுற்றும் சிறு கறுப்பு ஈக்களையும் அலட்சியம் செய்யக்கூடாது. அவற்றின் புழு மயிரிழை வேர்களைத் தின்னும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைப் பக்கத்தில் நட்டுவைத்தால் பறக்கும் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும்.

விதைத்த ஆறிலிருந்து எட்டு வாரத்தில் இரண்டு மூன்று உண்மையான இலைகள் வந்ததும் முதல் பெயர்ப்பு. விரலால் தொட வேண்டாம். பல்குத்தும் குச்சியின் நுனியில் கத்தியால் வி வடிவ வெட்டு போட்டு, அதில் நாற்றின் கழுத்தை ஏந்தி, வேரோடு ஒட்டிய மண்ணுடன் தூக்கி இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். முன்பு நின்ற ஆழத்துக்கு மேல் புதைக்கக்கூடாது. இலைகள் ஒன்றையொன்று தொட்டதும் குழித்தட்டுக்கு, பிறகு 10 சென்டிமீட்டர் தொட்டிக்கு, கடைசியாக 15 அல்லது 20 சென்டிமீட்டர் தொட்டிக்கு. நேரே பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரம் கட்டிப் புளித்துப்போகும்.

இனி இரவுக் கணக்கு. பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே போனால் செடி கிழங்கு கட்டத் தொடங்கும். இலை, தண்டு, மொட்டு நிற்காமல் வர 14 மணி நேரமாவது வெளிச்சம் தேவை. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இதை அளக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் இது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இருட்டு நீண்டால் திரும்பியது அதிகமாகும். செடி அதை ‘வறட்சி வரப்போகிறது’ என்று எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ஜனவரியில் விதைத்தால் விளக்கின் உதவி சில மாதத்துக்குத்தான்; மே, ஜூனில் அங்கே பகலே 16 மணி நேரம். உதகையிலோ டிசம்பர் பகல் சுமார் 11 மணி 25 நிமிடம், ஜூன் பகல் 12 மணி 45 நிமிடம். ஆண்டின் எந்த நாளிலும் 14 மணி நேரப் பகல் என்பது அங்கே கிடையவே கிடையாது. ஐரோப்பிய விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட குறிப்பை நம்பி நம் மலையில் விளக்கில்லாமல் விதைத்தால் தோற்பதற்கு இதுதான் காரணம்.

அப்படித் தோற்ற நாற்றைப் பார்த்தால் நோய் எதுவும் தெரியாது. மூன்று இலை தடித்துக் கரும்பச்சையாக நிற்கும், நான்காவது வராது, நுனிக் குருத்து இருக்க வேண்டிய இடம் மழுங்கியிருக்கும். கழுத்தருகே மண்ணை விலக்கினால் கடுகு அளவிலோ பட்டாணி அளவிலோ பழுப்பு உருண்டை. உரம் போட்டு அதை எழுப்ப முடியாது. இலை பழுத்து விழவிட்டு, கிழங்கை உலர்த்தி வைத்து மூன்று மாதம் கழித்து ஊன்றிப் பார்க்கலாம். பட்டாணி அளவுள்ளவை பிழைக்கும், கடுகு அளவுள்ளவை பெரும்பாலும் சுருங்கிப்போகும்.

தீர்வு எளிது. நாற்றுப் பருவம் முடிந்து செடி பெரிதானபின், ஒளிச்சேர்க்கைக்குப் பகல் வெளிச்சமே போதும். இரவை உடைக்க மட்டும் விளக்கு வேண்டும். இரவு 10 மணி முதல் 2 மணி வரை, செடியருகே புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் தரும் மஞ்சள் ஒளி பல்பு எரிந்தால் நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும். டைமர் பொருத்துவது நல்லது. வாரத்தில் நான்கு நாள் மறந்துபோனால் கணக்கு குலைந்துவிடும்.

முதல் பூ விதைத்த ஐந்தாறு மாதத்தில் வரும். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வேண்டுமென்றால் நவம்பரிலேயே விதைத்தாக வேண்டும். பெரும்பாலும் மூன்று மொட்டாக வரும்: நடுவில் இருப்பது ஆண், இருபுறமும் பெண். பெண் பூவின் முதுகில் மூன்று சிறகுள்ள சூலகம் தெரியும். அதன் இதழ் ஒற்றை வரிசைதான். நடுப்பூ பெரிதாக வேண்டுமென்றால் பக்க மொட்டுகளை விரல் நகத்தால் கிள்ளிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதழில் சாம்பல் பூஞ்சை ஏறும். உதிர்ந்த இதழ் இலைமேல் கிடந்தால் அங்கிருந்து தண்டுக்கும் தாவும் என்பதால் தினமும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். தண்ணீர் காலையில் மட்டும், மண்ணில் மட்டும்.

விதையிலிருந்து வரும் நாற்றுகளில் நிறமும் அடுக்கும் வேறுபடும். இன்ன வகை என்று பெயர் வைத்து விற்கும் செடிகளைத் தண்டுப் போத்து வழியாகத்தான் பெருக்குவார்கள். உருளைக்கிழங்கு போல இதன் கிழங்கு குட்டி போடாது. விதையிலைக்குக் கீழே உள்ள தண்டுப் பகுதிதான் பருத்துக் கிழங்காகிறது. ஒரு செடிக்கு ஒரு கிழங்கு, அதுவே ஆண்டுக்கு ஆண்டு அகலமாகும்.

பூத்து முடிந்ததும் இரவு விளக்கை நிறுத்தி, தண்ணீரைக் குறைக்க வேண்டும். இலை பழுத்து, தண்டு கணுக்கணுவாகத் தானே கழன்று விழும். பச்சையாக இருக்கும்போது பிய்த்தால் அந்தக் காயத்தின் வழியே அழுகல் கிழங்குக்குள் இறங்கும். முதலாண்டுக் கிழங்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும்; சிறியதைத் தொட்டியிலேயே உலரவிடுவது பாதுகாப்பு. பெரியவற்றை எடுத்து ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காய்ந்த நார்த் தூளில் புதைத்து 5 முதல் 10 டிகிரியில் வைக்கலாம். குழிந்த பக்கத்தில் இளஞ்சிவப்பு முளை தெரிந்ததும் குழி மேலே பார்க்கும்படி ஊன்ற வேண்டும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கவிடக்கூடாது.

சொந்தமாக விதை எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும், அதனால் மகரந்தம் கிடைக்காது. சிறு தொட்டியில் வேர் நெருக்கி, உரத்தை நிறுத்தினால் பருவக் கடைசியில் வரும் பூக்களில் அடுக்கு குறைந்து மகரந்தத் தாள் தலைகாட்டும். அந்தத் தூளை மெல்லிய தூரிகையால் எடுத்து, பெண் பூவின் முறுக்கிய மஞ்சள் சூலகமுடியில் தடவ வேண்டும். சிறகுள்ள காய் ஆறு முதல் எட்டு வாரத்தில் பழுப்பாகும். காம்பு காய்ந்ததும், வெடிப்பதற்குள், காற்றில்லாத இடத்தில் தாள்மேல் வைத்துத் திறக்க வேண்டும். சருகை ஊதி அகற்றக்கூடாது, விதையும் பறந்துவிடும். தாளைச் சாய்த்துத் தட்டினால் விதை உருண்டு கீழே வரும், சருகு மேலேயே தங்கிவிடும். விதையைக் காகித உறையில் இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட புட்டியில் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அடுத்த விதைப்புவரை முளைப்புத் திறன் கெடாமல் இருக்கும்.