முதலில் தரைக்கு அடியில் தவழ்ந்து பாருங்கள்

பழைய கட்டடங்களைப் பார்த்து, அவற்றைக் காப்பாற்ற வேண்டுமா, ஏன் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்குக் கிழக்கே இருக்கும் மலைக்காட்டு ஊர்களுக்கு அடிக்கடி போகிறேன். மரம் வெட்டிப் பிழைத்த ஊர்கள். ஒரு மர மில், ஒரு மதுக்கடை, ஒரு பலசரக்குக் கடை, ஒரு மைதானம், அப்புறம் ஊர் கூடுவதற்கு ஒரு ஹால். ஹால் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரம், அவ்வளவுதான். தெரியாதவர்கள் கோடவுன் என்று நினைப்பார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு ஹாலுக்கு நான் எழுதிய அறிக்கையை இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது. 'கட்டடக்கலை நோக்கில் சாதாரணம், முகப்புக்கு மட்டும் உள்ளூர் அளவில் மதிப்பு உண்டு' என்று எழுதியிருந்தேன். உள்ளே இருபது நிமிடம்கூட நிற்கவில்லை.

இங்கே உள்ளூர் கவுன்சில்கள் 'ஹெரிடேஜ் ஓவர்லே' என்ற திட்டக் கட்டுப்பாட்டின் கீழ் பழைய கட்டடங்களைச் சேர்க்கின்றன. சேர்த்துவிட்டால் இடிக்கவோ வெளித்தோற்றத்தை மாற்றவோ அனுமதி வாங்க வேண்டும். ஆனால் உட்புறத்துக்கும் அந்தக் காவல் வேண்டுமென்றால் அட்டவணையில் தனியாகக் குறிக்க வேண்டும். நான் குறிக்கச் சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்து அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். முகப்பு பளிச்சென்று இருந்தது. உள்ளே சுவர்ப் பலகைகள் போய் ஜிப்சம் போர்டு வந்திருந்தது. மேடையைக் காணோம். தரை முழுக்க வினைல். சட்டப்படி யாரும் தப்பு செய்யவில்லை. தப்பு என் அறிக்கையில்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த ஹாலுக்குப் போனாலும் முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் தவழ்வேன். இந்த ஹால்கள் குட்டையான மரக்கட்டைகளின் மேல் நிற்பவை. ஒல்லியாக இருந்தால் அடியில் புகுந்துவிடலாம். (இப்போது கொஞ்சம் சிரமப்படுகிறேன்.) மேலே தெரிகிற பலகையை இழைத்து மெருகு போட்டிருப்பார்கள். கீழே இருக்கும் சட்டத்தை யாரும் இழைப்பதில்லை. அதனால் ரம்பத்தின் தடம் அறுத்த நாளில் இருந்தபடியே இருக்கும். கோடுகள் வில் போல வளைந்திருந்தால் வட்ட ரம்பம். நேராக, வரிசையாக இருந்தால் வேறு வகை ரம்பம். ஒரே ஹாலில் இரண்டும் இருந்தால் கட்டடம் இரண்டு காலத்தில் எழுந்திருக்கலாம், அல்லது மரம் இரண்டு மில்லிலிருந்து வந்திருக்கலாம்.

ஒரு ஹாலின் அடியில் கண்டது இது. தாங்கு சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு கனம். பிசின் ஓடியவை, ஓரம் சிதைந்தவை, எந்த மில்லும் விலைக்கு அனுப்பாத ரகம். மட்டம் சரியாக வர இடையிடையே சின்னச் சின்னச் சில்லுகளைச் செருகியிருந்தார்கள். அதன் மேல் போட்ட தளப்பலகையோ முடிச்சே இல்லாத முதல்தரம். மில்லில் கழித்த மரத்தைக் கீழே மறைத்துவிட்டு, நடனம் ஆடுகிற தரைக்கு மட்டும் நல்லதாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நான் படிக்கிறேன். கான்ட்ராக்டர் வேலை இப்படி இருக்காது. இது அறுப்பவர்களே லீவு நாளில் கூடிச் செய்த வேலை.

மரம் 'மவுன்டன் ஆஷ்'. நீலகிரியில் நிற்கும் தைல மரத்தின் சொந்தக்காரர்தான், ஆனால் 100 மீட்டர் உயரத்தைத் தொடக்கூடியது. பெரிய தீ வந்தால் நின்ற இடத்திலேயே செத்துவிடும். பிறகு விதையிலிருந்துதான் புதுக் காடு வர வேண்டும். 1939 ஜனவரி 13 அன்று உச்சத்துக்குப் போன தீயை இங்கே 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள். அந்தத் தீக்காலத்தில் 71 பேர் இறந்தார்கள், 69 மர மில்கள் எரிந்தன. அதுவரை பல மில்கள் காட்டுக்குள்ளேயே இருந்தன, தொழிலாளர் குடும்பங்களும் அங்கேயே. தீக்குப் பிறகு மில்கள் மெல்ல ஊர்களுக்கு இறங்கின. கருகி நின்ற மரங்களை வெட்டி அறுப்பதே பல வருட வேலையானது. இந்த ஊர்களின் ஹாலைப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வாசலில் பதித்த கல்லின் தேதி இதையெல்லாம் சொல்லாது.

மரபுக் கட்டடங்களைப் பற்றி இந்த நாட்டில் எல்லோரும் பிடித்துக்கொள்வது பர்ரா சாசனம் என்ற வழிகாட்டி ஆவணத்தை. தென் ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற பழைய தாமிரச் சுரங்க ஊரில் 1979-இல் ஏற்றது. அழகு, வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பும் தொடக்கத்திலிருந்தே அதில் உண்டு. ஆன்மிக மதிப்பு 1999-இல் சேர்ந்தது. சமூக மதிப்பைத்தான் நாங்கள் எல்லோரும் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறோம். 'ஊர் மக்கள் இதை நேசிக்கிறார்கள்' என்று எழுதினால் யார் மறுக்கப்போகிறார்கள்? யாருக்கு உதவும்? கல்யாண விருந்து எங்கே பரிமாறினார்கள், தீ வந்தபோது யார் எங்கே படுத்தார்கள், சனிக்கிழமை நடனத்துக்கு முன் தரையில் மெழுகைச் சீவிப் போட்டு அதன் மேல் சாக்கில் குழந்தைகளை உட்காரவைத்து இழுத்துப் பளபளப்பாக்கினார்களா, இப்படிக் கேட்டு எழுத வேண்டும். அந்த மெழுகு பலகை இடுக்கில் இன்னும் இருக்கும். மிஷின் வைத்துத் தேய்த்தால் ஒரு நாளில் போய்விடும்.

காட்டை அழித்த தொழிலின் நினைவை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விக்டோரியாவில் இயற்கைக் காடுகளில் அரசு நடத்திய மரம் வெட்டும் தொழில் 2024 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஹாலைக் காப்பாற்றுவது அந்தத் தொழிலுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது ஆகாது. கிழக்கே கிப்ஸ்லாந்து வட்டாரத்தில், பூர்வகுடிகளான குர்னாய் மக்களின் நிலத்தில்தான் இந்த ஊர்கள் பல எழுந்தன. சுவரில் மாட்டிய கௌரவப் பலகைகளில் அவர்கள் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அந்த இல்லாமையையும் அறிக்கையில் எழுதுகிறேன்.

சரி, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஹால் இருக்கிறதா? விக்டோரியாவில் பல ஹால்கள் அரசு நிலத்தில் இருக்கின்றன, சம்பளமில்லாத உள்ளூர்க் கமிட்டிதான் நடத்துகிறது. கையில் காசு வந்ததும் பெயின்ட் அடிக்கத் தோன்றும். முதலில் கூரைத் தண்ணீர் வழியும் தகரக் கால்வாயையும் அடிக்கட்டைகளையும் பாருங்கள்; ஹால் விழுவது இந்த இரண்டில்தான். ஓவர்லேவுக்கு மனுப் போடும்போது உட்புறத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள், எது எது என்று பெயர் சொல்லி. சுவரில் மாட்டிய படமும் பியானோவும் பொதுவாக அதில் வராது. அவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் போட்டுவையுங்கள்.

காகிதங்கள்தான் முதலில் தொலைகின்றன. போன வருடம் மில் மூடிவிட்ட ஓர் ஊரில், கமிட்டியில் நாற்பது வருடம் செயலாளராக இருந்த ஓர் அம்மாவிடம் கூட்டக் குறிப்புப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். வீட்டில், போர்வைகளுக்கு அடியில் இருப்பதாகச் சொன்னார். மகனுடன் நகரத்துக்குக் குடிபோக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஹாலை அளப்பதை அப்படியே நிறுத்திவிட்டு அவருடன் போனேன். இருட்டும்வரை அவர் பக்கத்தைப் புரட்ட, நான் போனில் படம் எடுத்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் அவர் கை நின்றது. தரைப்பலகைக்கு மில் காசு வாங்க மறுத்ததாக இரண்டே வரி. கீழே கையெழுத்து அவர் அப்பாவுடையது.