கௌபாய்: சொல்லும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பங்கும்

கௌபாய்னு சொன்னா நம்மில பாதிப் பேருக்கு லயன் காமிக்ஸ் டெக்ஸ் வில்லர் ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு தொப்பி மாட்டின ஜெய்சங்கர். ரெண்டு பேரும் துப்பாக்கிய சுழட்டுவாங்க, குதிரைய விரட்டுவாங்க, ஆனா ஒரு மாட்டுக்குத் தண்ணி காட்டி நான் பாத்ததில்ல. இப்ப ‘கே கௌபாய் ரொமான்ஸ்’னு, அதாவது ஆணும் ஆணும் காதலிக்கிற கௌபாய் கதைன்னு, ஒரு வகையே இருக்கு, இதுக்குத் தமிழ்ல என்னய்யா சொல்றதுன்னு ஒரு நண்பர் கேட்டார், அதான் இந்தப் பதிவு.

முதல்ல கௌபாய். ஆரம்பத்துல இங்கிலீஷ்ல இதுக்கு மாடு மேய்க்கிற பொடியன், அவ்வளவுதான். அப்புறம் அமெரிக்க விடுதலைப் போர் சமயத்துல நியூயார்க் பக்கம் பிரிட்டிஷ்காரன் பக்கம் நின்னு மாட்டைக் களவாண்ட கும்பலுக்கு இந்தப் பேர் போச்சு, நம்ம பாஷைல சொன்னா வெட்சி வேலை. இன்னிக்கு நாம நினைக்கிற ஆள் வர்றது 1860கள்ல. டெக்சாஸ்ல இருந்து கான்சாஸ் ரயிலடி வரைக்கும் ரெண்டாயிரம் மூவாயிரம் மாட்டை பத்துப் பன்னெண்டு பேர் மாசக்கணக்கா ஓட்டிட்டுப் போவாங்க. அந்தத் தொழிலைக் கத்துக்குடுத்தது மெக்சிகோ பக்கத்து வக்கேரோக்கள். ஸ்பானிஷ்ல வக்கான்னா பசு, வக்கேரோ பசுக்காரன். லாஸோ (சுருக்குக் கயிறு), ராஞ்ச் (மாட்டுப் பண்ணை), ரோடியோ எல்லாமே அங்க இருந்து வந்த சொல்லுதான், ரோடியோன்னா மாட்டைச் சுத்தி வளைக்கிறதுன்னு அர்த்தம், இப்ப அது கௌபாய் வித்தைப் போட்டிக்குப் பேர்.

தமிழ்ல இதுக்குச் சொல்லுக்குப் பஞ்சமே இல்ல, ஆயர், கோவலர், இடையர்னு முல்லைத்திணை பூரா இவங்கதான். கோவலன்னு போடலாம்னு எனக்கு ஆசை, ஆனா ‘கோவலன் காதல்’னு தலைப்பு வெச்சா எல்லாரும் மாதவியத் தேடிக்கிட்டு வருவாங்க. அதவிட கலித்தொகைல ஒரு பிரிவு வருது பாருங்க: பசு வெச்சிருக்கவங்க கோவினத்தாயர், எருமைன்னா கோட்டினத்தாயர், ஆடுன்னா புல்லினத்தாயர். இது ஏன் முக்கியம்னா, உலகத்துக்கே ‘கே கௌபாய்’னு அறிமுகமான ப்ரோக்பேக் மௌன்டன் கதைல (ஆனி ப்ரூ எழுதி 1997ல நியூயார்க்கர் பத்திரிகைல வந்தது, 2005ல ஆங் லீ படமா எடுத்தார்) 1963ல வயோமிங் மலைல ஜாக், எனிஸ்ங்கிற ரெண்டு பேரும் மேய்க்கிறது செம்மறி ஆடு! மாட்டுக்காரங்களுக்கும் ஆட்டுக்காரங்களுக்கும் அந்த ஊர்ல மேய்ச்சலுக்காக வெட்டுக்குத்தே நடந்திருக்கு, 1909ல ஸ்ப்ரிங் க்ரீக்ங்கிற இடத்துல மாட்டுக்காரங்க சேர்ந்து மூணு ஆட்டுக்காரங்களைக் கொன்னிருக்காங்க. ஆக கறாரா சொன்னா மலை மேல அவங்க புல்லினத்தாயர்தான், கௌபாய்னு பேர் ஒட்டினது தொப்பிக்கும் பூட்ஸுக்கும்.

அடுத்து கே. பழைய பிரெஞ்சுல இருந்து வந்த சொல், ‘குஷியான’ன்னு அர்த்தம், அதனாலதான் தமிழ்ல மகிழ்வன்னு ஒரு சொல் பண்ணாங்க. அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்குப் பிடிச்சது தன்பாலீர்ப்பாளர். பேப்பர்ல ரொம்ப நாளா வந்த ‘ஓரினச்சேர்க்கை’ மனசப் பத்திப் பேசவே இல்ல, படுக்கைய மட்டும் பாக்குது. காதல் கதைய விளக்க வந்த இடத்துல அது சுத்தமா ஒத்து வராது, ஈர்ப்புங்கிற சொல்லு வந்ததும்தான் மனுஷன் உள்ள வர்றான். சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதுக்கு அப்புறம் 2022ல தமிழ்நாடு அரசே மரியாதையான சொற்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கு.

ரொமான்ஸ்ங்கிறதுக்குக் காதல் கதைன்னா போதும், ஒரே ஒரு விதி, கடைசில ஜோடி சேரணும். அந்தக் கணக்குல ப்ரோக்பேக் இந்த வகைலயே வராது, ஏன்னா ஜாக் செத்துப் போறான். அவன் அலமாரிக்குள்ள அவன் சட்டை, அந்தச் சட்டைக்குள்ள கைக்குள்ள கை விட்ட மாதிரி எனிஸோட சட்டை, ரெண்டும் ஒரே ஆணில தொங்குது, அவங்க சேர்ந்து குடியிருந்தது அந்த ஒரு ஆணிலதான்.

இப்பதான் எனக்குப் பிடிச்ச சொல்லு: பார்ட்னர். அதைத்தான் கௌபாய்ங்க ‘பார்ட்’, ‘பார்ட்னர்’னு நாக்க உருட்டிச் சொல்லுவாங்க, கூட வேலை பாக்கிறவன், ராத்திரி பக்கத்துல படுக்கை விரிக்கிறவன். வேர் பாத்தா பாகம், பங்கு. நம்ம மதுரைப் பக்கம் சேக்காளிய ‘என்ன பங்கு’ன்னு கூப்பிடுறோமே, அதே சொல்லு, அதே வேர் அர்த்தம்! பங்காளின்னா சொத்துச் சண்டை ஞாபகம் வரும், பங்குன்னா டீக்கடை ஞாபகம் வரும், அது வேற விஷயம்.

ஜாக் கேட்டதும் இந்தப் பங்குதான், ‘நாம சேர்ந்து சின்னதா ஒரு பண்ணை வெப்போம், கொஞ்சம் பசு, கன்னு’ன்னு. எனிஸ் மாட்டேன்னுட்டான், ஏன்னா அப்படிச் சேர்ந்து பண்ணை நடத்தின ரெண்டு வயசானவங்கள்ல ஒருத்தர அடிச்சுக் கொன்னு போட்டிருந்ததை சின்ன வயசுல அவங்கப்பனே கூட்டிட்டுப் போய்க் காட்டியிருந்தான். அதுக்கப்புறம் வந்த காதல் நாவல்கள் எத்தனையோ இந்த மறுத்த இடத்துல இருந்துதான் கிளம்புது, கடைசில பண்ணை வாசல்ல நின்னு ‘இதுல பாதி உனக்கு’ன்னு ஒருத்தன் சொல்லிடுவான். இங்கிலீஷ்ல ‘பிலாங்கிங்’னு சொல்றாங்களே, அதுக்கு அகராதில ‘உரிமை, சேர்ந்திருத்தல்’னு என்னென்னவோ கிடக்கு, நான் பங்குன்னே போடுவேன்.

நிஜத்துலயும் அந்தப் பங்க கேட்டு வாங்கினாங்க. 1976ல நெவாடா மாநிலம் ரீனோல முதல் கே ரோடியோ, அதுக்கு மாடு வாடகைக்குத் தரவே ஆளு கிடைக்கலயாம். இப்ப அந்த ரோடியோக்கள்ல ஒரு போட்டி இருக்கு, ரெண்டு பேர் சேர்ந்து ஓடிப் போய் ஒரு வெள்ளாட்டைப் பிடிச்சு அதுக்கு ஜட்டி மாட்டி விடணும், யாரு சீக்கிரம் மாட்டுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. திரும்பவும் ஆடுதான் பாருங்க.