ஆயிலுக்குள் கிடந்த கியர் பாக்ஸ் துருப்பிடிக்காதா?

"ஆயிலுக்குள்ளேயே கிடந்த சாமான் அண்ணே, துரு எப்படிப் பிடிக்கும்?" காயலான் கடையிலிருந்து பழைய கியர் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கடைசியாக வந்தவர் மண்டபத்திலிருந்து மீன் லோடு அடிக்கிற குட்டி யானைக்காரர். அவர் வாங்கி மாட்டிய பெட்டி ஒரு மாதம்கூட ஓடவில்லை. ராமநாதபுரம் வருகிற வழியில் மூன்றாவது கியர் தானாக நியூட்ரலுக்கு விழுந்து விழுந்து, கடைசியில் ரோட்டோரம் ஐஸ் பெட்டிகளோடு நின்றுவிட்டார். மீன் போச்சு, பெட்டி வாங்கின காசு போச்சு, ஏற்றி இறக்கின கூலியும் போச்சு. இதையே திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய பார்ட்ஸ் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகளை இன்றும் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை. சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்த பெட்டிகள் வருஷக்கணக்கில் ஓடுவதையும் பார்க்கிறேன். ஆனால் தொண்டியிலும் கீழக்கரையிலும் மண்டபத்திலும் வெட்டவெளியில் கிடந்த வண்டியை, மதுரையில் ஷெட்டுக்குள் கிடந்த வண்டி மாதிரி நினைத்து வாங்காதீர்கள். பாம்பன் பாலத்து இரும்பை உப்புக்காற்று என்ன பாடு படுத்தியது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே காற்றுதான் அந்த வண்டிக்குக் கீழேயும் வீசுகிறது.

முதலில் அந்த ஆயில் கதையை முடித்துவிடுகிறேன். கியர் பாக்ஸுக்குள் ஆயில் முழுசாக நிறைந்திருக்காது. ஆயில் ஊற்றுகிற ஓட்டை, அதாவது ஃபில்லர் பிளக் மட்டம் வரைக்கும்தான் நிற்கும். வண்டி ஓடும்போது கீழே இருக்கிற பல்சக்கரங்கள் ஆயிலை வாரி மேலே அடிக்கும், அதில்தான் மேல் ஷாஃப்டும் பேரிங்கும் நனையும். வண்டி நின்றுவிட்டால்? மேலே ஒட்டியிருந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து கீழே போய்விடும். ஆறு மாதம், ஒரு வருஷம் நின்ற வண்டியில் மேல் பாதி கிட்டத்தட்ட வெறும் இரும்பு.

பெட்டி சீல் ஆனதுதானே என்பார்கள். இல்லை. மேலே ப்ரீதர் என்று ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் ஊரில் அது ஈரமும் உப்பும் கலந்த காற்று. இது தினம் தினம் நடக்கிறது. அந்தக் குட்டி யானைப் பெட்டியைப் பிரித்தபோது ஒரு பல்சக்கரத்தில் ஆயில் நின்ற மட்டம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே பளபளப்பு, மேலே செம்பழுப்பு. மெயின் ஷாஃப்ட் பேரிங்கின் பாதையில், ஒவ்வொரு குண்டும் அசையாமல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒவ்வொரு கறுப்புப் பள்ளம், சம இடைவெளியில். அந்தப் பேரிங் லோடு தாங்குமா? ஷாஃப்ட் ஆடியது, கியர் வெளியே விழுந்தது.

மீன் வண்டிகள் இன்னும் மோசம். ஐஸ் உருகி உப்பும் மீன் கழிவுமாகக் கலந்த தண்ணீர் பாடியிலிருந்து ஒழுகி, சேசிஸ், கியர் பாக்ஸ் எல்லாவற்றின் மேலும் சொட்டிக்கொண்டே இருக்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றுகிற வண்டிகளும் அப்படியே. பெட்டியின் வெளிக்கூடான அலுமினிய ஹவுசிங்கில் இரும்பு போல்ட் இறங்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், உள்ளே மரை அரித்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, கையால் சுற்றிப் பார்ப்பது. கடைக்காரர் ராடைத் தள்ளி எல்லா கியரும் விழுகிறது என்று காட்டுவார், வாங்க வந்தவரும் தலையாட்டிவிடுவார். லோடு இல்லாமல் எந்தப் பெட்டியிலும் கியர் விழும்! கையால் சுற்றுவது வேறொன்றுக்குத்தான் உதவும். காதைப் பக்கத்தில் வைத்து, என்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற இன்புட் ஷாஃப்டை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று தட்டுப்பட்டால் பேரிங் அரித்திருக்கிறது. ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். அப்புறம் அந்த ஷாஃப்டில் வரி வரியாக வெட்டியிருக்கிற ஸ்ப்லைனைப் பாருங்கள். கிளட்ச் பிளேட் வழுக்கி நகர வேண்டிய இடம் அது. அங்கே துருப் பொருக்கு இருந்தால் கிளட்ச் சரியாகப் பிரியாது.

பெட்டியில் ஆயில் இருந்தால், அடியில் ஆயில் வடிக்கிற ட்ரெயின் பிளக்கை முழுக்கக் கழற்றாமல் ரெண்டு மரை மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில்தான் நிற்கும். அதனால் முதலில் சொட்டுவது தண்ணீராக இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் பல கடைசியில் பார்ட்ஸாகப் பிரிந்து கைமாறும், பார்ட்ஸைப் பார்த்தால் அது தெரியாது. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலும் அதே கதைதான். பித்தளைத் தூள் லேசாக மின்னுவது சகஜம், பயப்பட வேண்டாம். இரும்புச் சில்லு கையில் குத்தினால் வேண்டாம். ஆயிலே இல்லாத பெட்டியா? எப்போது வடித்தீர்கள் என்று கேளுங்கள். முன்சக்கர டிரைவ் வண்டிகளில் ஆக்ஸிலை உருவிவிட்டு ரெண்டு பக்கமும் ஓட்டையைத் திறந்தே போட்டிருப்பார்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மணலே உள்ளே போய்விடும்.

முழுப் பெட்டியாக வாங்காமல் உள் பார்ட்ஸ் மட்டும் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பல்சக்கரத்தை எடுத்தால் அதன் ஜோடியையும் சேர்த்தே எடுங்கள். சேர்ந்து தேய்ந்த பற்களைப் பிரித்துப் புதுப் பல்லோடு ஓட்டினால் ஊளைச் சத்தம் நிற்கவே நிற்காது. ஹவுசிங், கியரைத் தள்ளி மாற்றுகிற ஃபோர்க், ராடு எல்லாம் பழசே போதும். பேரிங், ஆயில் சீல், பூட்டு வளையமான சர்க்ளிப் எல்லாம் புதுசாகப் போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கியர் மாற்றும்போது வேகத்தை ஒன்றாக்குகிற பித்தளை ரிங்கை, கியரில் அது உட்காருகிற கூம்பின் (கோன்) மேல் கையால் அழுத்தி, கியருக்கும் ரிங்குக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். மாருதியின் சின்ன கார்களில் அந்த இடைவெளி 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் ரிங் முடிந்தது. பெட்டி என்ஜினோடு சேருகிற பெல் ஹவுசிங்கில் இருக்கிற, பெட்டியை நேராக உட்கார வைக்கிற டவல் பின்னை மறக்காமல் வாங்கி வாருங்கள். அது இல்லாமல் மாட்டுகிற மெக்கானிக்குகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. பெட்டி நேர்க்கோட்டில் உட்காராது, புதுக் கிளட்சும் பேரிங்கும் வீணாகும். பில்லும் கேட்டு வாங்குங்கள், திருட்டு வண்டிச் சாமான் என்று நாளைக்கு நீங்கள் ஸ்டேஷனில் போய் நிற்கக் கூடாது.

இனி, வெட்டவெளியில் கிடக்கிற வண்டிக்குக் கீழே படுத்துப் பெட்டியைக் கழற்றுகிற தம்பிகளுக்கு. தயவுசெய்து கேளுங்கள். மணலில் ஜாக்கி உங்களுக்குத் தெரியாமலே இறங்கும். ஹாலோ பிளாக் கல், சத்தமே கொடுக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். உப்பு தின்ற வண்டியில் ஜாக்கி வைக்கிற இடமே வெறும் தகடாகத்தான் மிஞ்சியிருக்கும், ஜாக்கி அதைக் குத்திக்கொண்டு மேலே போய்விடும். ஜாக்கிக்கு அடியில் கெட்டியான பலகை போடுங்கள். ஸ்டாண்டு வையுங்கள். ரெண்டு பழைய வீலை டிஸ்கோடு வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். உள்ளே போகுமுன் வண்டியை நன்றாக உலுக்கிப் பாருங்கள், விழுவதானால் அப்போதே விழட்டும். பெட்டியை நெஞ்சில் தாங்கி இறக்குகிற வீரமெல்லாம் வேண்டாம், செயின் பிளாக் போட்டு இறக்குங்கள். போல்ட் வரவில்லை என்று பெட்ரோல் டேங்க் இருக்கிற வண்டியில் கேஸ் கட்டிங் வைக்காதீர்கள். துரு கழற்றுகிற ஆயிலை அடித்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் பாதிப் போல்ட் சொன்னபடி கேட்கும். தனியாளாகப் போகாதீர்கள்.

மாட்டின பிறகு என்ன ஆயில் என்று கேட்பார்கள். கியர் ஆயில் தரத்தை ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று குறிப்பார்கள். வண்டிப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4தான். ஜிஎல்-5 இன்னும் ஒசத்தி என்று கடையில் கொடுப்பார்கள், பல ஜிஎல்-5 ஆயில்களில் இருக்கிற கந்தக மருந்து பித்தளை ரிங்கை அரிக்கும். முதல் 500 கிலோமீட்டரில் அந்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள், காந்தத்தையும் உள்ளே விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி கருப்பாக ஒட்டினால் புது ஆயில் ஊற்றி ஓட்டலாம். சில்லு சில்லாக ஒட்டினால் அன்றைக்கே வண்டியை நிறுத்தி, பெட்டியை இறக்குங்கள்.