கண்ணாடியில் கோடு விழுந்தால் வைரமா?

ஐப்பசி மழை ஓய்ந்தால் போதும், கரூர், காங்கேயம் பக்கத்துக் காடுகளில் பொறுக்கிய கற்கள் மஞ்சப்பையில் சோதனைக்கு வர ஆரம்பித்துவிடும். கூடவே ஒரு கண்ணாடித் துண்டு. “பாருங்க சார், சர்ருன்னு கோடு விழுது. வைரந்தானுங்களே?”

இல்லைங்க. எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துவது மோஸ் அளவு. அதில் ஜன்னல் கண்ணாடியின் கடினம் சுமார் 5.5. வெங்கச்சங்கல் என்று காலால் தள்ளிவிட்டுப் போகிறோமே, அந்தக் குவார்ட்ஸ் 7. புஷ்பராகம் 8, மாணிக்கமும் நீலமும் 9, வைரம் 10. கண்ணாடியைக் கீறாத கல் வைரம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கீறுகிற கல்லைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கருங்கல் ஜல்லி கூடத்தான் கீறும்! பல சமயம் விழுவது கோடே இல்லை. ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். அழிந்துவிட்டால் தேய்ந்தது உங்கள் கல்தான். நகத்தில் தட்டுப்பட்டால்தான் கீறல்.

இந்தப் பக்கத்துப் பளபளப்பெல்லாம் பெரும்பாலும் பெக்மடைட் என்ற பெரும்படிகப் பாறை தந்தது. பாறைக்குழம்பு ஆறும்போது கடைசியில் மிஞ்சும் நீர்ச்சத்து மிகுந்த பகுதியில் படிகங்கள் பெரிதாக வளரும். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் காலப்போக்கில் களிமண்ணாகிக் கரைந்துவிடும், குவார்ட்ஸ் அப்படியே கிடக்கும். மழை மண்ணைக் கழுவியதும் கண்ணில் படுகிறது. வைரம் பிறப்பது 150 கிலோமீட்டருக்கும் கீழே. அதை மேலே தூக்கி வருவது கிம்பர்லைட் போன்ற பாறைகள். ஆந்திராவின் வஜ்ரகரூரில் அது உண்டு. பெக்மடைட்டில் வைரம் விளையாது.

சுத்தியலால் அடித்து ‘உடையாதது வைரம்’ என்று பார்ப்பவர்களை என்ன சொல்ல! கீறலைத் தாங்கும் கடினம் வேறு, அடியைத் தாங்கும் உறுதி வேறு. வைரம் நான்கு திசைகளில் சுத்தமாகப் பிளக்கும். நிஜ வைரமே கிடைத்திருந்தாலும் அந்த அடியில் போயிருக்கும். தெறிக்கும் சில்லு கண்ணுக்கும் கேடு.

அதற்குப் பதில் 0.01 கிராம் காட்டும் நகைத் தராசை எடுங்கள். கல்லை உலர்வாக எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய கல்லை அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். உலர் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. 13.25 கிராம் கல்லுக்கு 5.00 காட்டினால் 2.65, அதாவது குவார்ட்ஸ். வைரம் 3.52, மாணிக்கம் 4.0. காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு குறைவாக வரும். 3.5 வந்ததும் குதிக்காதீர்கள், புஷ்பராகமும் அதே எண்தான்.

காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைக்கும் வெளிர்நீலக் கல்லான அக்வாமரினும் சுமார் 2.7தான், தராசு குவார்ட்ஸிலிருந்து அதைத் தெளிவாகப் பிரிக்காது. படிகம் முழுதாக இருந்தால் பக்கங்களைப் பாருங்கள்: குவார்ட்ஸில் வரிகள் குறுக்கே ஓடும், அக்வாமரினில் நீளவாக்கில். உடைந்த துண்டென்றால், கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானியில் வைத்தே பார்க்க வேண்டும்.

தங்கம் என்று வருவதில் பெரும்பாலும் காக்காப்பொன், இல்லையென்றால் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். ஊசியால் அழுத்துங்கள். தங்கம் குழியும், காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும், பைரைட் நொறுங்கும். மெருகில்லாத டைல்ஸ் முதுகில் தேய்த்தால் பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும், தங்கம் மஞ்சளாகவே. தயவுசெய்து அடுப்பில் வறுக்காதீர்கள். பைரைட் வறுபட்டால் கந்தகப் புகை, ஆர்செனிக் கலந்திருந்தால் பூண்டு வாடையோடு விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்கிறார்கள்.

பளபளக்க எண்ணெய் தடவியும் கொண்டு வராதீர்கள், விரிசலை மறைத்துவிடும். எடுத்த இடத்து மண் ஒரு கைப்பிடி, ஒட்டியிருந்த தாய்ப்பாறை இருந்தால் ஒரு துண்டு, இடத்தின் பெயர் எழுதிய சீட்டு. இவ்வளவு போதும்.