பதின்மூன்று ஆண்டுகள் இழுப்பறையில் கிடந்த முடிவு

மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் ஈசிஜியில் சில சமயம், சீரான துடிப்புகளுக்கு நடுவே ஒன்று முந்திக்கொண்டு எகிறும். இந்த எகிறல் மிகுந்தவர்கள் திடீரென இறப்பது அதிகம். அப்படியானால் எகிறலை அடக்கினால் உயிர் தப்பும் என்று அன்றைய இதய மருத்துவர்கள் நம்பினார்கள். யாருக்கும் சரியென்றே படும்.

1980-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் லோர்கெய்னைட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். நோயாளிகள் நூறு பேர்கூட இல்லை. மருந்து எகிறலை அடக்கத்தான் செய்தது. ஆனால் அதைப் பெற்றவர்களில் 9 பேர் இறந்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்துச்சத்து இல்லாத போலி மருந்து பெற்றவர்களில் ஒருவர்தான். தற்செயல் என்று நினைத்துவிட்டது குழு. மருந்தும் வணிகக் காரணங்களால் கைவிடப்பட, முடிவு அச்சேறவில்லை.

அது தற்செயல் அல்ல. இதயத் தசைக்குள் சோடியம் அயனிகள் பாய்வதால்தான் மின் அலை செல்லுக்குச் செல் தாவுகிறது. அந்த அயனிகள் நுழையும் வாயிலை லோர்கெய்னைட் போன்ற மருந்துகள் அடைக்கின்றன. முந்தும் துடிப்பு எழாது. ஆனால் மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பைச் சுற்றி மின் அலை ஏற்கெனவே தயங்கித்தான் நகர்கிறது. மருந்து அதை இன்னும் மெதுவாக்கும். அலை சுற்றி வருவதற்குள், அது புறப்பட்ட தசை ஓய்ந்து, மறுபடி தூண்டப்படத் தயாராகிவிடும். அலை அங்கேயே சுழலத் தொடங்கும். துடிப்பு கட்டுக்கடங்காமல் விரைய, இதயத்தால் இரத்தத்தைத் தள்ள முடியாமல் போகும்.

இதே வகையைச் சேர்ந்த என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் மருந்துகளை அமெரிக்காவில் 'காஸ்ட்' ஆய்வு சோதித்தது. 1989-இல் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 1,498 பேரில், மருந்து பெற்ற பாதியில் 63 பேர் இறந்திருந்தார்கள். மறுபாதியில் 26 பேர்.

நாட்டிங்காம் குழு 1993-இல்தான் தன் பழைய முடிவை 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கார்டியாலஜி' இதழில் வெளியிட்டது. வெளியீட்டுச் சார்புக்கு, அதாவது சாதகமான முடிவுகளே அச்சேறி மற்றவை முடங்கிவிடும் போக்குக்கு, இது ஓர் எடுத்துக்காட்டு என்று கட்டுரையின் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை ஆசிரியர் முதலில் வடிகட்டுவார். பிறகு துறை வல்லுநர்கள் இருவரோ மூவரோ துருவிப் பார்ப்பார்கள். கணக்கில் பிழை இருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். ஆனால் வந்து சேராத கட்டுரையை எந்த வல்லுநராலும் மதிப்பிட முடியாது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு அதற்காகத்தான் 2005-இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத சோதனையின் முடிவை இதழில் ஏற்கக் கூடாது. பதிவு இருந்து கட்டுரை வராவிட்டால், எங்கே அந்த முடிவு என்று இப்போது யாரும் கேட்கலாம்.