மதர்போர்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

போன மே மாதம் அக்கா மகன் சேர்த்து வைத்த காசில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். பிராசசர் ரைசன் 7 5800எக்ஸ், கூடவே நல்ல கிராபிக்ஸ் கார்டு. மிச்சம் இருந்த பணத்துக்கு ஒரு மதர்போர்டு. முதல் 20 நிமிஷம் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்புறம் திக்கித் திக்கி வரும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 70 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் திக்கும்போதெல்லாம் பிராசசரின் வேகம் பாதிக்கும் கீழே சரிந்தது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்தேன். சில நிமிஷங்களில் திக்கல் நின்றுவிட்டது.

சூடாகியிருந்தது பிராசசர் இல்லை, மதர்போர்டில் அதற்குச் சோறு போடும், அதாவது மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் விஆர்எம் பகுதி.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசசருக்குத் தேவையோ சுமார் 1.2 வோல்ட். பிராசசருக்குள் கணக்குப் போடும் கோர்கள் 108 வாட் கேட்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது வெறும் 9 ஆம்பியர், 1.2 வோல்ட்டுக்கு இறக்கியதும் 90 ஆம்பியர் ஆகிவிடுகிறது. சாக்கெட்டை ஒட்டி வரிசையாக இருக்கும் சின்னக் கனசதுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் சோக். பக்கத்திலேயே தட்டையாக மாஸ்ஃபெட்டுகள் இருக்கும். மாஸ்ஃபெட் நொடிக்குப் பல லட்சம் முறை 12 வோல்ட்டைத் திறந்து மூடும் குழாய். விட்டுவிட்டு வரும் அந்த மின்சாரத்தைச் சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து சீராக்கி அனுப்புகின்றன.

இப்படி ஒரு ஜோடி மாஸ்ஃபெட்டும் ஒரு சோக்கும் சேர்ந்தால் ஒரு ஃபேஸ். ஃபேஸ்கள் முறைவைத்து வேலை செய்யும். 90 ஆம்பியரை 4 ஃபேஸ் பங்கிட்டால் ஆளுக்கு 22.5, 6 ஃபேஸ் என்றால் 15. மின்தடையால் வரும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். அதனால் ஒரே மாதிரி மாஸ்ஃபெட்டாக இருந்தால், நான்கை ஆறாக்கும்போது அந்தச் சூடு மொத்தமாகவே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எங்கள் போர்டில் இருந்தது 4 ஃபேஸ், மேலே சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் கிடையாது. சூடு எல்லை தாண்டியதும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரை அடக்கிவிட்டது.

அதனால் வண்ண விளக்குகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். சோக்குகளை எண்ணுவது மட்டும் போதாது. அவற்றில் ஒன்றிரண்டு, கோர்களுக்கு இல்லாமல் பிராசசருக்குள் இருக்கும் வேறு பகுதிகளுக்கானவை, சில போர்டுகளில் இரண்டு சோக் ஒரே சிக்னலில் ஓடும். ரைசன் 5 5600 போன்ற 65 வாட் பிராசசர் என்றால் கவலை குறைவு. ஹீட்சிங்க் உள்ள சாதாரண பி450 சிப்செட் (போர்டின் துணைச் சிப்) போர்டு கூடத் தாராளமாகத் தாங்கும்.

ஆனால் பி450 வாங்கும்போது பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் போர்டு மென்பொருள், புதியதா என்று கேட்டு வாங்குங்கள். அது 2018-இல் வந்த சிப்செட், ரைசன் 5000 வரிசை 2020 கடைசியில்தான் வந்தது. பழைய சரக்காக இருந்தால் அதன் பயாஸுக்குப் புதுப் பிராசசரைத் தெரியாது, திரையில் ஒன்றுமே வராது. பிராசசர் இல்லாமலே பென் டிரைவில் பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டு என்றால் தப்பித்தீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்றால் இன்னொரு கணக்கு. கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்தக் கார்டு 4 லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்துகிறது. 4.0 தரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போகும் பாதை, 3.0-வில் 4 ஜிபி ஆகச் சுருங்கிவிடும். கார்டில் இருப்பதும் 4 ஜிபி நினைவகம்தான். அது நிரம்பினால் கணினியின் ரேமுக்கு ஓடியாக வேண்டும், அப்போது இந்தக் குறுகல் உறைக்கும். பி550-இல் 4.0 உண்டு, ஏ520, பி450 இரண்டிலும் இல்லை. பி550 போர்டையே வாங்கினாலும் ரைசன் 5 5500 போட்டால் 3.0 தான், ஏனென்றால் அந்தப் பாதை பிராசசருக்குள்ளிருந்து வருகிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். வேறு போர்டு வாங்கப் பணம் இல்லை. 142 வாட் வரை இழுக்க அனுமதி உள்ள அந்தப் பிராசசரைப் பயாஸில் 88 வாட்டுக்கு இறக்கினோம். எட்டு கோரையும் முழுமூச்சில் ஓட்டும் கேம் அபூர்வம் என்பதால் ஃபிரேம் கணக்கில் பெரிய இழப்பு தெரியவில்லை. பக்கத் தகட்டை மாட்டி, ஃபேனை அறைக்குத் திருப்பி வைத்துவிட்டோம்.