தள்ளைப்பூனை (தாய்ப்பூனை) திரும்பி வரும், குட்டிகளைத் தூக்காதீர்கள்

தெருப்பூனை குட்டி போட்டுவிட்டு கண்ணில் படவில்லை என்றால் ஓடிப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் இரை தேடப் போயிருக்கும். மழை தொடங்கினால் போதும், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்தும் குலசேகரம் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் அட்டைப்பெட்டியில் குட்டிகளோடு என் கால்நடைக் கிளினிக்குக்கு வந்துவிடுகிறார்கள். "டாக்டரே, காலையில இருந்து தள்ளையைக் காணல்ல, பாவம்லா." நல்ல மனசோடுதான் எடுத்து வருகிறார்கள். ஆனால் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் வயிறு உருண்டு, உடம்பு கதகதப்பாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கும் குட்டிகள். தாய் நன்றாகப் பார்த்துக்கொண்ட குட்டிகள் அவை. அங்கே அந்தத் தாய் விறகுப்புரையைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருக்கும்.

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். கண் திறக்க 7 முதல் 14 நாள் ஆகும். மூன்று வாரம்வரை தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே போகும், தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. இத்தனையையும் நாம் செய்ய வேண்டுமென்றால் ராத்திரி பகல் பாராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழும்ப வேண்டும், அப்படிச் செய்தும் பல குட்டிகள் பிழைப்பதில்லை. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து செத்தும் போகலாம். உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்கு எந்தப் பாலும் ஊட்டக்கூடாது, முதலில் சூடேற்ற வேண்டும்.

தாய் வருகிறதா என்று சந்தேகமா? இடத்தைச் சுற்றி மெல்லிதாகக் காய்ந்த மணலைத் தூவிவிட்டு விலகிப் போங்கள், கால்தடம் காட்டிக்கொடுத்துவிடும். சிலர் மாவு தூவச் சொல்வார்கள், நம்ம ஊரில் அதற்கு எறும்பு வந்து குட்டிகளைக் கடித்துவிடும், வேண்டாம். பக்கத்திலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வரவே வராது. மனுஷன் தொட்ட வாசனைக்காகக் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது பெரும்பாலும் உண்மையில்லை, ஆனால் ஆள் நடமாட்டம் தெரிந்தால் இடத்தை மாற்றிவிடும், அப்படி மாற்றும்போது பாதிக் குட்டி இங்கேயும் பாதி அங்கேயுமாகச் சில மணி நேரம் கிடக்கும். அந்த நேரத்தில்தான் 'அனாதைக் குட்டி' என்று நம் கையில் வந்து சேர்கிறது. மழைத் தண்ணீர் ஏறுகிற இடமென்றால் மட்டும் பக்கத்திலேயே நனையாத இடத்துக்கு நகர்த்தி வையுங்கள். வயிறு ஒட்டி, உடம்பு குளிர்ந்து, நிறுத்தாமல் கத்துகிற குட்டி என்றால் காத்திருக்காமல் கொண்டு வாருங்கள்.

நாலாவது வாரத்திலிருந்து பால் மறக்கடிப்பது தொடங்கும். பால்பற்கள் முளைத்துக் காம்பில் குத்தத் தொடங்கியிருக்கும். அப்போது தாய் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுக்கும், பாதியில் எழும்பிப் போகும், குட்டிக்கு எட்டாத மதில்மேல் ஏறி உட்காரும், நெருங்கினால் சீறும். பார்க்கிறவர்கள் குட்டியை வெறுத்துவிட்டது என்று பதறி, உடனே பால்கிண்ணத்தை எடுத்து வைக்கிறார்கள். வெறுப்பெல்லாம் இல்லை, பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறது. முதலில் செத்த எலியையோ ஓணானையோ கொண்டுவந்து குட்டிகள் முன்னால் வைத்தே தின்னும். அப்புறம் தின்னாமல் போட்டுவிட்டு, அதற்கென்றே ஒரு குரலில் கூப்பிடும். கொஞ்சம் வளர்ந்ததும் பாதி உயிரோடு கொண்டுவந்து விட்டுவிட்டு, தப்பி ஓடினால் மட்டும் தடுத்துப் பிடித்துக் கொடுக்கும். எதைத் தின்னலாம், எதைக் கண்டு ஓடி ஒளிய வேண்டும் என்பதெல்லாம் இந்த வாரங்களில் தாயைப் பார்த்துப் படிப்பதுதான். எட்டு வாரம் அளவில் பால் பெரும்பாலும் நின்றிருக்கும், காட்டுத்தனமாக வளரும் பூனைகள் அதற்கு மேலும் சிலகாலம் கொடுப்பதுண்டு.

உதவ நினைத்தால் தாய்க்குத் தீனி வையுங்கள். பால் கொடுக்கிற பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தீனி வேண்டும். உப்பும் மசாலாவும் போடாமல் அவித்து முள் எடுத்த மீன் நல்லது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே தினமும் போட்டால் உடம்பில் வைட்டமின் பி1 குறையும், அவித்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

குட்டியை வீட்டில் வளர்க்க ஆசையா, அப்படியென்றால் இரண்டிலிருந்து ஏழு வாரம்வரை மனுஷனிடம் பழகுவதற்கு மிக ஏற்ற காலம். ஐந்தாவது வாரத்திலிருந்து தினமும் கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் உட்காருங்கள், எட்டாவது வாரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியோடு இருக்கும் தாய் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் அப்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது கருத்தடை. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகலாம், ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று வந்துவிடும். நாலு மாதமான பெட்டைக் குட்டியே சினைப்படும். அதனால் குட்டிகள் பால் மறந்து, தானாகத் தின்னத் தொடங்கியதும் தாயைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டு வாருங்கள். பிடிக்கும் முந்தின நாள் மருத்துவரைக் கூப்பிட்டு எத்தனை மணிக்கு மேல் தீனி வைக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள், கூண்டின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள், இருட்டில் பூனை அவ்வளவாக மிரளாது.